ஒன்றையே தொழுதல்

எங்கள் பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்தில் திங்களுக்கு ஒருமுறை நூலாய்வு அரங்கு நடைபெறுவது வழக்கம். பிறமொழி நூலொன்றைப் படித்து, அதனைத் தமிழில் அறிமுகம் செய்து, இறுதியில் அவையோர்முன் ஒரு வினாவை எழுப்ப வேண்டும் என்பது அவ்வரங்கின் நடைமுறை. சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகளுள் கடைசியானதாகிய, 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'இறுதிப் போர்' என்னும் நூலை எடுத்துக்கொண்டாள். கதையை நன்றாகவே எடுத்துரைத்தாள். பின்பு அவையோரைப் பார்த்துக் கேட்க வேண்டிய வினாவை என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, எமெத் என்ற அந்த வீரன் பிள்ளைப் பருவம் முதல் தாஷ் என்னும் தெய்வத்தையே தொழுதவன். அஸ்லான் என்னும் சிங்கத்தின் பெயரைக் கேட்டாலே வெறுத்தவன். கடைசியில் அஸ்லான் அவனை ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் அவன் இத்தனை காலம் தொழுதது யாரை?"

மணி நான்கைத் தாண்டியிருந்தது. வெளியே பேருந்து காத்திருந்தது. "எல்லாத் தெய்வமும் ஒன்றுதானம்மா, பெயர்தான் வேறு" என்று கூறி அரங்கை முடித்துவைத்தேன். மாணவர் கைதட்டினர். அவள் மட்டும் அமைதியாக அமர்ந்தாள்.

அவளிடமிருந்து நூலைப் பெற்று அன்றிரவே படித்தேன். நான் கூறிய விடை அந்நூலிலேயே இருக்கக் கண்டேன். அதனைக் கூறுவது ஒரு குரங்கு. கழுதை ஒன்றுக்குச் சிங்கத்தோலைப் போர்த்தி, அதுவே அஸ்லான் என்று ஊரை ஏமாற்றி, அண்டை நாட்டாருக்குக் காட்டையும் குடிகளையும் விற்றுக்கொண்டிருக்கும் அக்குரங்கு, தன் வாணிகத்திற்குத் தடை எழும்போது எடுத்துவிடும் தத்துவம் அது: தாஷும் அஸ்லானும் ஒருவரே, இரு நாட்டாரும் இரு பெயரால் அழைக்கின்றனர், ஆகவே சண்டை எதற்கு? இரு பெயர்களையும் ஒட்டவைத்துத் 'தாஷ்லான்' என்று ஒரு புதுப் பெயரும் சூட்டிவிடுகிறார்கள். இருபதாண்டுக்கு மேலாக வகுப்பறையில் நின்றவன், ஒரு மாணவியின் உண்மையான ஐயத்திற்குக் குரங்கின் விடையைத் தந்துவிட்டேனே என்ற நாணம் அன்று என்னைப் பற்றிக்கொண்டது. இக்கட்டுரை அந்நாணத்தின் விளைவு.

கற்பனை உலகத்துச் சமயங்களை ஆராய்வது பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. நாம் வாழும் உலகில் தெய்வத்தைப் பற்றிய எந்த வாதமும் 'உண்டா, இல்லையா' என்னும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. மாயப் புனைவு எழுதுவோர் அவ்வாயிலைத் திறந்துவிட்டு நம்மை உள்ளே அழைத்துச் செல்கின்றனர். அங்கே தெய்வங்கள் உண்டு; நடக்கின்றன, பேசுகின்றன, தண்டிக்கின்றன. ஐயத்திற்கு இடமில்லை. அப்போதுதான் அடுத்த வினா தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படுகிறது. பல தெய்வங்கள் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் ஒருவன் ஒன்றையே தொழுவேன் என்கிறானே, அது எதனால்? அது நேர்மையா, பிடிவாதமா, அச்சமா?

இங்கு இரண்டு நிலைகளை வேறுபடுத்திக் காண வேண்டும். தெய்வம் ஒன்றே உண்டு, மற்றவை இல்லை என்பது ஒரு நிலை. மற்றவையும் உண்டு, ஆயினும் என் தொழுகை ஒன்றற்கே உரியது என்பது வேறொரு நிலை. பண்டை இசுரவேலர் தொடக்கத்தில் இவ்விரண்டாம் நிலையில் இருந்தனர் என்றும், மோவாபியருக்குக் கெமோஷ் இருப்பதை மறுக்காமலே தம் தெய்வத்தை மட்டும் தொழுதனர் என்றும் விவிலிய ஆய்வாளர் பலர் கருதுவர். மாக்ஸ் முல்லர் வேதப் பாடல்களில் மூன்றாவதாக ஒன்றைக் கண்டார். இந்திரனைப் பாடும்போது இந்திரனே முழுமுதல். அக்கினியைப் பாடும்போது அக்கினியே முழுமுதல். தத்தம் முறை வரும்போது ஒவ்வொரு தெய்வமும் தனிப்பெருந் தெய்வமாகிவிடுகிறது. இதற்கெனத் தனிப்பெயர் ஒன்றையே அவர் படைத்துக்கொண்டார். நம்முள் பலர் வெள்ளிக்கிழமை ஒரு கோயிலிலும் செவ்வாய்க்கிழமை ஒரு கோயிலிலும் இவ்வாறுதான் நிற்கிறோம். அதில் குற்றம் ஒன்றும் காணேன்.

நாம் ஆராய எடுத்துக்கொண்டது இரண்டாம் நிலை. அது அறிவைப் பற்றியதன்று, பற்றுறுதியைப் பற்றியது. ஒருவன் தன் மனைவிக்கு உண்மையாக இருக்கிறான் என்றால் உலகில் வேறு பெண்களே இல்லை என்று அவன் நம்புகிறான் என்பது பொருளன்று. ஆகவே, பல தெய்வங்களுள் ஒன்றையே தொழும் ஒருவனை நோக்கி 'உன் தெய்வம் உண்டா?' என்று கேட்பதில் பயனில்லை. 'உன் தொழுகைக்கு அது தகுதி உடையதா?' என்றே கேட்க வேண்டும். தகுதி எதனால் வரும்? பெரும்பாலோர் நாவில் முதலில் வரும் விடை 'ஆற்றல்' என்பது.

அவ்விடையை உர்சுலா லெகுவின் 1971இல் வெளியிட்ட 'அதுவான் கல்லறைகள்' என்னும் நாவல் தகர்த்தெறிகிறது. தெனார் என்னும் சிறுமியை ஐந்து வயதளவில் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்கின்றனர். மண்ணுக்கடியில் வாழும் 'பெயரற்றோர்' என்னும் பழஞ்சக்திகளுக்கு அவள் தலைமைப் பூசாரி. அவள் பெயரைப் பறித்துவிட்டு 'ஆர்ஹா' என்கின்றனர். 'உண்ணப்பட்டவள்' என்பது அதன் பொருள். அரசன் அனுப்பிய மூன்று கைதிகளை எவ்வாறு கொல்வது என்று அவளிடம் கேட்கிறார்கள். அவளோ அப்போதும் சிறுபெண். நீரும் உணவுமின்றி இருளில் சாகட்டும் என்று கட்டளையிடுகிறாள். அதன்பின் அவளுக்குக் கனவுகள் தொல்லை தருகின்றன.

எளிய எழுத்தாளராக இருந்தால், கெட் என்னும் மந்திரவாதி வந்து, 'பெயரற்றோர் என்று எவருமில்லை. பூசாரிகள் கட்டிய பொய்' என்று அவளுக்கு அறிவு புகட்டுவதாக எழுதியிருப்பார். லெகுவின் அவ்வாறு எழுதவில்லை. அவர்கள் உண்டு என்கிறான் கெட். அவர்களுக்கு ஆற்றலும் உண்டு என்கிறான். அவர்களை மறுக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது என்கிறான். ஆனால் அவர்கள் தொழத்தக்கவர் அல்லர். இருளச் செய்வதும் அழிப்பதுமன்றிக் கொடுப்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. இருத்தல் வேறு, ஆற்றல் வேறு, தகுதி வேறு என்னும் இப்பாகுபாட்டை இத்துணைத் தெளிவாகக் கூறிய தத்துவ நூலை நான் அதிகம் கண்டதில்லை. நிலநடுக்கமும் ஓர் ஆற்றல்தான். அதற்கு அஞ்சுகிறோம், அதற்கேற்ப வீடு கட்டுகிறோம். அதன்முன் மண்டியிடுவது எதற்கு? அந்நாவலில் இன்னொரு பாத்திரத்தையும் குறிப்பிட வேண்டும். கோசில் என்னும் மற்றொரு பூசாரி எந்தத் தெய்வத்தையும் நம்பாதவள். அதிகாரத்தை மட்டும் நம்புபவள். நம்பிக்கையே இல்லாத அவளே அங்கு மிகக் கொடியவளாக இருக்கிறாள் என்பது தற்செயலன்று.

ஜார்ஜ் மார்ட்டின் 1996 முதல் வெளியிட்டுவரும் பெருங்கதையில் இதே வினா அரண்மனைக்குள் நுழைகிறது. ஸ்டான்னிஸ் என்னும் அரசன், தன் பெற்றோர் வந்த கப்பல் கரையருகே மூழ்குவதைக் கண்ணால் கண்டவன். அன்றே தெய்வ நம்பிக்கையை இழந்தவன். அவனிடம் செந்நிற ஆடையணிந்த மெலிசாந்திரே வந்து, ஒளிக்கடவுள் ஒருவனே உண்மைத் தெய்வம், மற்றவை பொய் என்கிறாள். அவளிடம் ஆற்றல் இருப்பதை அரசன் காண்கிறான். அது தனக்குப் பயன்படும் என்பதையும் காண்கிறான். உடனே அவன் நாட்டில் வழிவழியாகத் தொழுதுவந்த ஏழு தெய்வத் திருவுருவங்களையும் கடற்கரையில் அடுக்கித் தீவைக்கின்றனர். பண்டைய மன்னர் குலம் கடல் கடந்து வந்த கப்பல்களின் பாய்மரங்களில் செதுக்கிய உருவங்கள் அவை. கூட்டத்தில் டாவோஸ் என்பவன் நிற்கிறான். முன்பு கள்ளக் கடத்தல் செய்தவன், எழுத்தறிவில்லாதவன், பெரிய பக்திமானும் அல்லன். ஆயினும் அத்தீ அவன் நெஞ்சைச் சுடுகிறது. பிள்ளைப் பருவத்துத் தெய்வம் எரிவதைக் காண்பதற்குப் பக்தனாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையாக இருந்திருந்தால் போதும்.

மரவுருவை எரித்த தீ அதோடு அணைந்துவிடுவதில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பகுதியில், அரச இரத்தம் கலந்த ஒரு சிறுவனை அந்தக் கடவுளுக்குப் பலியிட வேண்டும் என்னும் நிலை வருகிறது. ஒரு நாட்டையே காப்பதற்கு ஒரு சிறுவன் உயிர் எம்மாத்திரம் என்று அரசன் கேட்கிறான். அந்த ஓர் உயிரே எல்லாம் என்பது டாவோஸின் கருத்து. சிறுவனைக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறான். அந்தக் கடவுளின் பூசாரி ஒருவர் செத்தவனை எழுப்பியதும் அதே கதையில் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. அற்புதம் நிகழ்ந்தது உண்மை. ஆனால் அற்புதம் எதை மெய்ப்பிக்கிறது? கேட்பவனுக்கு ஆற்றல் உண்டு என்பதை மெய்ப்பிக்கிறது. கேட்டதைக் கொடுக்கலாமா என்பதை மெய்ப்பிப்பதில்லை.

சரி, ஆற்றல் போதாது, உண்மை போதுமா? ஒருவனே மெய்யான தெய்வம் என்றால் அவனை மட்டும் தொழுவதில் என்ன தடை? இங்கே டோல்கீனை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. இப்பொருளில் அவரைவிட ஆழமாகச் சென்றவர் அரியர். கத்தோலிக்கர், லூயிஸின் நெருங்கிய நண்பர், இறைநம்பிக்கையின்றி இருந்த லூயிஸ் 1931இல் கிறித்தவ நெறிக்குத் திரும்பியதில் பங்குகொண்டவர். அவர் மறைந்தது 1973இல். அவர் மைந்தர் கிறிஸ்டபர் 1977இல் பதிப்பித்த 'சில்மரில்லியன்' நூலில் நூமெனோர் என்னும் தீவின் வரலாறு வருகிறது.

அவ்வுலகைப் படைத்த ஒருவன் ஏரு. அவனுக்குக் கீழே வாலார் என்னும் பேராற்றலுடையோர் பதினால்வர் உள்ளனர். நூமெனோர் மக்கள் வாலாரை அறிவர், மதிப்பர், அவர்களுக்கு நன்றியுடையவர். தொழுவது ஏருவை மட்டுமே. எவ்வாறு தொழுகின்றனர் என்பதே வியப்பு. தீவின் நடுவே மெனெல்தார்மா என்னும் மலை. அதன் உச்சியில் கோயில் இல்லை, பலிபீடம் இல்லை, குவித்துவைத்த கற்கள்கூட இல்லை. ஆண்டில் மூன்று முறை, இளவேனிலிலும் நடுக்கோடையிலும் இலையுதிர் காலத்தின் முடிவிலும், அரசன் அங்குச் சென்று ஏருவை வேண்டுவான், புகழ்வான், நன்றி கூறுவான். மக்கள் வெண்ணிற ஆடையுடன் மௌனமாகப் பின்தொடர்வர். மற்ற நாள்களில் எவரும் மலையேறலாம். ஆனால் உச்சியில் எவரும் வாய்திறவார். இச்செய்திகளை விரிவாகக் கூறும் பகுதி 1980இல் வெளிவந்த 'முற்றுப்பெறாக் கதைகள்' என்னும் தொகுப்பில் உள்ளது. ஒன்றையே தொழும் நெறி இதனைவிடத் தூயதாக இருக்க இயலுமா என்று எண்ணத் தோன்றுகிறது. யாரையும் அது வற்புறுத்தவில்லை. யாருடைய உருவையும் அது எரிக்கவில்லை.

இத்தூய்மை எவ்வாறு அழிகிறது என்பதைத்தான் மாணவர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். நூமெனோர் மக்களுக்குச் சாவின்மேல் அச்சம் வருகிறது. வாலார் சாவதில்லை, நாம் மட்டும் ஏன் சாக வேண்டும் என்னும் பொறாமை வருகிறது. அர்-பாரசோன் என்னும் அரசன் பெரும் படையுடன் சென்று சௌரோனைச் சிறைப்பிடித்து வருகிறான். மூன்றே ஆண்டுகளில் கைதி அமைச்சனாகிவிடுகிறான். அவன் கூறும் உபதேசம் இது: ஏரு என்று ஒருவன் இல்லை, உங்களை அடக்கி வைக்க வாலார் புனைந்த பொய் அது, உண்மையான இறைவன் இருளின் தலைவனாகிய மெல்கோர், அவனே உங்களுக்கு விடுதலை தருபவன். கவனியுங்கள். பழைய தெய்வத்தோடு புதிய தெய்வத்தையும் சேர்த்துக் கும்பிடுங்கள் என்று சௌரோன் கூறவில்லை. ஒன்றையே தொழுது பழகிய மக்களிடம் இன்னோர் ஒன்றையே கொண்டுவந்து கொடுக்கிறான். கைகூப்பும் பழக்கம் மாறவில்லை. எதிரே நிற்பது மாறிவிட்டது.

மௌன மலை இருந்த நாட்டில் இப்போது கோயில் எழுகிறது. வட்டமான கட்டடம், அடியில் ஐந்நூறு அடி அகலம், சுவர் ஐம்பது அடிப் பருமன், உயரம் ஐந்நூறு அடி, வெள்ளியால் வேய்ந்த குவிமாடம். அதில் மூட்டிய முதல் தீ, நிம்லோத் என்னும் வெண்மரத்தை வெட்டி எரித்த தீ. பின்னர் மனிதப் பலி. புகை படிந்து வெள்ளிக் குவிமாடம் கருத்துவிடுகிறது. மெனெல்தார்மா உச்சியை மாசுபடுத்தச் சௌரோனுக்குக்கூடத் துணிவில்லை; ஆனால் அங்கு ஏறுவோருக்குச் சாவுத் தண்டனை என்று அரசன் அறிவிக்கிறான்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தியது கோயிலின் அளவோ பலியோ அன்று. பலியிட்டவர்களுள் பெரும்பாலோர் ஏருவைக் கைவிடாத 'பற்றுறுதியாளர்'. ஆயினும் மெல்கோரைத் தொழ மறுத்தார்கள் என்னும் குற்றச்சாட்டை அவர்கள்மேல் வெளிப்படையாக ஒருபோதும் சுமத்துவதில்லை. அரசனை வெறுத்தனர், கலகம் செய்தனர், தம் இனத்தாருக்கே நஞ்சும் பொய்யும் சூழ்ந்தனர் என்றே குற்றம் சாட்டுகின்றனர். விடுதலை தருபவன் என்று ஒரு தெய்வத்தைப் போற்றும் நாட்டில், தொழாத குற்றத்திற்காகத் தண்டிக்க நாணமாக இருக்கிறது போலும். டோல்கீன் இதனை ஒரே வாக்கியத்தில் சொல்லிச் செல்கிறார். உலக வரலாறு படித்தவர்க்கு அவ்வாக்கியத்தின் கீழே எத்தனை நாடுகள் கிடக்கின்றன என்பது விளங்கும்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். ஏருவை மட்டும் தொழுவதும் மெல்கோரை மட்டும் தொழுவதும் அமைப்பில் ஒன்றுதானே? முன்னது நல்லது, பின்னது தீயது என்பது ஆசிரியர் தம் சமயப் பற்றினால் செய்த ஏற்பாடன்றோ? இத்தடை வலிமையுடையதே. இதற்கு என்னால் கூற முடிந்த விடை இதுதான். கதைக்குள் ஏரு உண்மை என்பதை மறந்துவிடுவோம். மலையடிவாரத்தில் பிறந்த, எது உண்மை என்று அறியாத ஒரு குடிமகனாக நின்று பார்ப்போம். ஒரு தொழுகை அவனிடம் மௌனத்தைத் தவிர வேறொன்றையும் கேட்கவில்லை. மற்றொன்று அவன் அண்டை வீட்டானைக் கேட்கிறது. எத்தெய்வம் மெய் என்று அறிய அவனுக்கு வழியில்லாமல் இருக்கலாம். அண்டை வீட்டானைக் கொடுக்கலாமா என்பதை அறிய வழியுண்டு. டாவோஸுக்குத் தெரிந்ததும் இவ்வளவே.

ஆகவே ஒன்றையே தொழுதல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று என்று கூறி முடித்துவிடலாம் போலத் தோன்றும். முடித்துவிட்டால் எமெத் வெளியே நின்றுவிடுவான். அவனிடம் திரும்புவோம்.

தாஷை நம்பாமலே தாஷின் பெயரால் படை நடத்தும் ஒரு தலைவனின் கீழ் எமெத் பணிபுரிகிறான். அத்தலைவனும் குரங்கும் சேர்ந்து ஒரு கொட்டிலைக் காட்டி, உள்ளே தெய்வம் இருக்கிறது என்று கூட்டத்தை அச்சுறுத்துகின்றனர். உள்ளே இருப்பது வாளேந்திய ஒரு வீரன் மட்டுமே என்பது தலைவனுக்குத் தெரியும். ஆனால் எமெத், 'உள்ளே என் தெய்வம் இருக்கிறது என்றால் நான் செல்வேன்' என்கிறான். தலைவன் தடுக்கிறான். நகைப்பிற்குரிய காட்சி அது. தெய்வத்தின் பெயரால் ஆட்சி செய்பவனுக்குத் தெய்வத்தை உண்மையாகக் காண விரும்பும் ஒருவனே பெருந்தொல்லை. தாஷின் முகத்தை ஒருமுறை கண்டால் ஆயிரம் முறை சாகவும் அணியம் என்னும் நிலையில் அவன் கதவைத் திறந்து உள்ளே செல்கிறான். எபிரேய மொழியில் 'எமெத்' என்பதற்கு உண்மை என்று பொருள். லூயிஸ் அறியாமல் வைத்த பெயரன்று.

உள்ளே அவன் காண்பது அஸ்லானை. தான் தாஷின் தொண்டன் என்பதை அவன் மறைக்கவில்லை. அஸ்லான் கூறுவதன் கருத்து இது: நீ தாஷுக்குச் செய்த நற்றொண்டெல்லாம் எனக்குச் செய்ததாகவே கொள்கிறேன்; நாங்கள் இருவரும் ஒன்று என்பதால் அன்று, முற்றிலும் எதிரானவர் என்பதால்; நல்லது எதுவும் அவனைச் சென்றடையாது, தீயது எதுவும் என்னைச் சென்றடையாது. என் பெயரால் ஒருவன் கொடுமை செய்தால் அதனைப் பெற்றுக்கொள்பவன் தாஷே.

'எல்லாம் ஒன்று' என்னும் குரங்கின் தத்துவத்தை இது மறுக்கிறது. 'என் பெயரைச் சொல்லாதவன் கெட்டான்' என்பதையும் மறுக்கிறது. 1956இல் ஒரு கிறித்தவர் சிறுவர் நூலில் இதனை எழுதியது பெருந்துணிவு. கார்ல் ரானர் என்னும் செர்மானிய இறையியலார், கிறித்துவின் பெயரறியாமலே அவர் அருளுக்குள் வாழ்வோர் உண்டு என்னும் கருத்தை வளர்த்துப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது இதற்குப் பின்னர்த்தான். நமக்கும் இக்கருத்துப் புதியதன்று. பிற தெய்வங்களை நம்பிக்கையோடு தொழுவோரும் தன்னையே தொழுகின்றனர் என்று கீதையில் கண்ணன் கூறுவதும், எத்தெய்வத்தை மேற்கொண்டாலும் அவ்வடிவில் வந்தருள்பவன் சிவனே என்று சிவஞான சித்தியார் கூறுவதும் ஆசிரியப் பெருமக்கள் அறிந்தவையே.

ஆயினும் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்றை விரைந்து கூறிவிடுகிறேன். தாஷுக்குக் கழுகுத் தலையும் நான்கு கைகளும் உண்டு; அதனைத் தொழுவோர் கருமை கலந்த நிறத்தினர், தலைப்பாகை அணிந்தவர், கீழ்த்திசைச் சாயலுடையவர். நான்கு கைகளையுடைய தெய்வத்தின்முன் கண்மூடி வளர்ந்த பிள்ளை ஒன்று அந்நூலைப் படிக்கும்போது எங்கோ ஓரிடத்தில் முள் தைக்காமல் இராது. லூயிஸின் பரந்த உள்ளத்திற்கும் அக்காலத்து ஆங்கிலேயர் பார்வைக்கும் இடையே இருந்த இடைவெளி அது. பல திறனாய்வாளர் இதனைச் சுட்டியுள்ளனர்.

இரண்டாவது குறைதான் அந்த மாணவியின் வினா. எமெத்தை ஏற்றுக்கொண்டார்கள்; மகிழ்ச்சி. ஆனால் அவன் அன்பு செலுத்திய தெய்வத்தை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் அன்றோ? 'நீ தொழுதது என்னையே' என்பது பேரன்பின் சொல். அதுவே வெற்றியாளனின் சொல்லாகவும் இருக்கக்கூடும். என் வீட்டில் உனக்கு இடம் உண்டு என்று அழைப்பவர், உன் வீடு என்று ஒன்று இருந்ததேயில்லை என்றும் உடன் சொல்கிறார். கீதையின் கூற்றுக்கும் சித்தியாரின் கூற்றுக்கும் ரானரின் கூற்றுக்கும் இத்தடை பொதுவானது. நாம் பிறரை நோக்கி இதனைச் சொல்லும்போது பரந்த மனப்பான்மை என்கிறோம். பிறர் நம்மை நோக்கி இதனையே சொன்னால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு லூயிஸ் தரப்பில் ஒரு விடை உண்டு. எமெத் நேசித்தது கழுகுத் தலையையன்று. அவன் தாஷ் என்று அழைத்தது, தன் உள்ளத்தில் தானே வடித்துக்கொண்ட வாய்மையின் உருவை. உண்மையான தாஷைக் கண்டிருந்தால் அவன் வெறுத்திருப்பான். ஆகவே அவனிடமிருந்து எதையும் யாரும் பறிக்கவில்லை. பெயரைத் திருத்தினார்கள், அவ்வளவே. இவ்விடை கதைக்குள் செல்லும். ஏனெனில் அங்கே தாஷ் தீயவன் என்பதை ஆசிரியர் நம் கண்முன் காட்டிவிடுகிறார். கதைக்கு வெளியே, பாட்டன் பூட்டன் தொழுத தெய்வம் ஒன்றைச் சுட்டி, 'நீ நேசித்தது இதையன்று, இதன் வழியாக வேறொன்றை' என்று ஒருவருக்கு மற்றொருவர் சொல்லும் உரிமையை யார் தந்தார்? ஒருவர் நேசித்தது எது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் என்று நம்மை நாமே எப்படிக் கூறிக்கொள்வது?

இவ்வளவும் எண்ணிய பின்பு, இரண்டு வாரம் கழித்து நூலைத் திருப்பித் தரும்போது, முதலில் நான் கூறிய விடைக்காக அம்மாணவியிடம் வருத்தம் தெரிவித்தேன். அவள் சிறிது நேரம் நூலின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தன் வீட்டுச் செய்தியைக் கூறினாள்.

அவள் தந்தை சில காலமாக ஒரே தெய்வத்தை மட்டும் வழிபடும் ஓர் அன்பர் குழுவில் சேர்ந்திருக்கிறார். நல்ல மனிதர். குடியை விட்டொழித்தது அக்குழுவில் சேர்ந்த பிறகுதான். குடும்பம் தலைநிமிர்ந்தது அதனால்தான். அதனை அவளே சொன்னாள். வீட்டுச் சாமி மேடையில் இப்போது ஒரு படம் மட்டுமே இருக்கிறது. மற்றப் படங்களையெல்லாம் மரியாதையாகவே எடுத்து ஆற்றில் விட்டுவிட்டார். எஞ்சியது அவள் பாட்டியிடம் இருந்த ஒரு சிறு சூலம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், லயத்தின் பின்புறத்தில் வைத்துக் கும்பிட்ட முனியாண்டியின் சூலம் அது. தோட்டத்தை விற்று, லயங்களை இடித்து, குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிக்கு வந்தபோது பாட்டி அதனைத் தன் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

அதையும் ஆற்றில் விட்டுவிடலாம் என்று மகன் சொன்னபோது பாட்டி மறுத்திருக்கிறார். தந்தை கடிந்து பேசவில்லை. "எல்லாச் சாமியும் நம்ம சாமிக்குள்ளேயே இருக்கும்மா. நீங்க முனியாண்டியைக் கும்பிட்டதும் இவரைக் கும்பிட்டதுதான். இதைத் தனியா வச்சிருக்கணும்னு இல்லை" என்று பக்கத்தில் அமர்ந்து பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

"அப்படின்னா இதுவும் அவருதானே, ஐயா. பிறகு ஏன் ஆத்துல விடணும்னு கேட்டாங்க எங்க பாட்டி" என்றாள் மாணவி.

தந்தை என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வேலைக்குப் போய்விட்டாராம். சூலம் இன்னும் பாட்டியின் தலையணைக்கு அருகில் இருக்கிறது என்றாள். பேருந்து வந்துவிட்டது. நூலைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள்.